ஆறு மீட்டர் ஆழத்தில் எக்ஸ்ரே அக்கா

கைப்பேசியைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வாத்து தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அந்த வங்கிக்காரர் வரலையாம்.”

“ஏனாம்?” என்றான் அவள் கணவன், வாயில் ரொட்டியோடு.

“மூக்கடைப்பாம். மூக்கு அடைச்சிருந்தா தண்ணிக்கு அடியில காது வலி உயிரை எடுத்துடும். அவரைச் சொல்லி என்ன பண்றது? என் தலையெழுத்து.”

“வேற யாரையாவது கூப்பிடேன்.”

“மணி ஏழரை. ஒன்பதுக்குப் படகு. இதுவரைக்கும் கடலுக்குள்ள முங்கியே பார்க்காத ஆளா இருக்கணும். உடம்பு நல்லா இருக்கணும். கூப்பிட்ட உடனே வரணும். எந்தக் கடையில விக்கிறாங்க சொல்லுங்க, போய் வாங்கிட்டு வர்றேன்.”

“நான் வர்றேனே.”

“காதுல ஆபரேஷன் பண்ணி ஆறு மாசம் ஆகலை. பேசாம சாப்பிடுங்க.”

வாத்து என்பது அவன் வைத்த பெயர்தான். டைவிங் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலில் மாட்டும் ரப்பர் துடுப்புகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, படுக்கையறையிலிருந்து சமையலறை வரை தப்பு தப்பென்று நடந்து பழகினாள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். இரண்டு வருடமாகப் பள்ளியில் சிலிண்டருக்குக் காற்று நிரப்புகிறாள், ரப்பர் உடுப்புகளை அலசிக் காயப்போடுகிறாள். சொல்லிக்கொடுப்பவளாக ஆவதற்கு ஒரே ஒரு பரீட்சை பாக்கி. கடலை அறியாத ஆள் ஒருவரை ஆறு மீட்டர் ஆழத்துக்கு அழைத்துப் போய், இருபது நிமிடம் வைத்திருந்து, பத்திரமாக மேலே கொண்டுவர வேண்டும். பள்ளியின் மாஸ்டர் பின்னாலேயே வருவார், கை கொடுக்க மாட்டார். அந்த ஆள் பயந்து தானாக மேலே கிளம்பிவிட்டால் பரீட்சை முடிந்தது.

ஒரு தடவை அப்படித்தான் முடிந்தது. கணக்கு டீச்சர் ஒருத்தி, கீழே ஒரு ஆமையைக் கண்டு மிரண்டு, மேலே பாய்ந்துவிட்டாள். அன்றைக்கு மாஸ்டர் சொன்னது இதுதான்: “உனக்குத் தண்ணியைத் தெரியுது. ஆளைத் தெரியலை.” இன்றைக்கு இரண்டாவது வாய்ப்பு. நாளைக்குப் படகைப் பழுது பார்க்கக் கரையேற்றுகிறார்கள். நான்கு மாதத்துக்குக் கடல் கிடையாது. இன்றைக்கு நடக்கவில்லையென்றால் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு வெளியிலிருந்து ஒருவரை எடுத்துக்கொள்வதாக மாஸ்டர் சொல்லிவிட்டார்.

“முங்கியே பார்க்காத ஆள்னா,” என்றது ஒரு குரல், “எவ்வளவு அறியாம இருக்கணும்?”

இருவரும் திரும்பினார்கள். மேசையின் மறுகோடியில் எக்ஸ்ரே அக்கா ரொட்டியின் நான்கு மூலைக்கும் வெண்ணெய் சமமாகப் போகிறதா என்று பார்த்துத் தடவிக்கொண்டிருந்தாள். அவனுடைய கூடப்பிறந்த அக்கா. மருத்துவமனையின் கீழ்த்தளத்து எக்ஸ்ரே அறையில் இருபத்தொன்பது வருடம். அந்த ஊரில் அவள் நெஞ்சைப் படம் எடுக்காத ஆள் குறைவு.

“அக்கா, நீயா?” என்று தம்பி சிரித்தே விட்டான். “தலைக்குக் குளிக்கும்போது கதவுக்குத் தாழ் போட மாட்டே. கேட்டா, வாளியில முங்கிட்டா யார் வந்து தூக்குவாங்கன்னு சொல்லுவே.”

“அது வாளி. பக்கத்துல ஆள் கிடையாது. கடல்ல இவ இருப்பாளே.”

“அண்ணி, விளையாடாதீங்க.”

“எனக்கு என்ன விளையாட்டு வயசா? இன்னிக்கு எனக்கு டியூட்டி இல்லை. ஒரு மாசம் முன்னாடிதான் எல்லா டெஸ்டும் எடுத்தேன். என் நெஞ்சுப் படத்தை நானே பார்த்தேன், கண்ணாடி மாதிரி இருக்கு. பயம்தான் கொஞ்சம் இருக்கு.”

“கொஞ்சமா?”

“நிறையத்தான். அதுக்கு என்ன இப்போ? பயம் இல்லாத ஆளைக் கூட்டிட்டுப் போய் நீ என்னத்தைப் பரீட்சை எழுதுவே?”

வாத்து எழுந்து போய் அக்காவின் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள்.

பள்ளி என்பது படகுத்துறையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. ரப்பர் உடுப்புகள் தலையில்லாத ஆட்கள் வரிசையில் நிற்கிற மாதிரி தொங்கின. மாஸ்டர் அறுபது வயதிருக்கும் ஒல்லி மனிதர். அக்கா நிரப்பிக் கொடுத்த படிவத்தை எழுத்து எழுத்தாகப் படித்தார்.

“இவங்க உன் வீட்டுக்காரர் அக்காவா?”

“ஆமா மாஸ்டர்.”

“சொந்தக்காரங்கன்னு சலுகை கிடையாது.”

“சொந்தக்காரங்க சலுகை காட்டுவாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?” என்றாள் அக்கா. “எங்க வீட்டு உப்பைக் குறை சொல்ற முதல் ஆள் நான்தான். இவளையே கேளுங்க.”

உடுப்புக்குள் அக்காவை நுழைப்பதற்குள் வாத்துக்கு வியர்த்துவிட்டது.

“மூச்சு முட்டுதுடி.”

“இன்னும் தண்ணியைத் தொடவே இல்லை அண்ணி.”

“முன்னாடியே சொல்லி வைக்கிறேன்.”

இடுப்பில் ஈயக் கட்டிகள் கோத்த பட்டையைக் கட்டும்போதுதான் அக்காவின் முகம் தெளிந்தது. “இது என்ன, ஈயமா? அட, இது நம்ம ஆளு! இருபத்தொன்பது வருஷமா, கதிர் படாம இருக்க ஈய ஏப்ரனைத்தான் மாட்டிட்டு நிக்கிறேன். இன்னும் ரெண்டு கட்டி வேணும்னாலும் போடு.”

“போட்டா நேரா அடியில போய் உட்காருவீங்க.”

“அப்ப வேணாம்.”

மாஸ்டர் முன்னால் வந்து நின்றார். “ஒரே ஒரு சட்டம்தான் அம்மா. கீழ எது நடந்தாலும் மூச்சைப் பிடிச்சு வைக்கக் கூடாது. இழுக்கணும், விடணும். இழுக்கணும், விடணும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மேல வந்தா உள்ளே இருக்கிற காத்து உப்பி, நுரையீரலைக் கிழிச்சிடும்.”

“நுரையீரலைப் பத்தி எனக்கா சொல்றீங்க?” என்றாள் அக்கா.

கரையோரம் நெஞ்சளவுத் தண்ணீரில் முதலில் ஒத்திகை. வாய்க்குழாயைக் கவ்விக்கொண்டு மண்டியிட வேண்டும், அவ்வளவுதான். அக்கா மண்டியிட்டாள். மூன்று மூச்சு ஒழுங்காகப் போயிற்று. நான்காவதில் மணலில் எதையோ பார்த்தாள், குமிழி நின்றது, ஆள் பந்து மாதிரி மேலே வந்தாள்.

இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவதும்.

“அண்ணி! மூச்சைப் பிடிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“நான் எங்கே பிடிச்சேன்?”

“குமிழி வரலையே! உள்ளே காத்தை அடைச்சு வெச்சா பலூன் மாதிரி மேலதான் வருவீங்க.”

“நான் பிடிக்கலைடி. எதையாவது உத்துப் பார்த்தா அதுவா நின்னுடுது.”

படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கணக்கு டீச்சரிடமும் வாத்து இப்படித்தான் கத்தியிருந்தாள். கத்தக் கத்த அந்த அம்மாள் மேலும் இறுகிப் போனாள். வாத்து கண்ணை மூடி, உப்புத் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

“அண்ணி, ஒண்ணு கேட்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு நெஞ்சுப் படம் எடுப்பீங்க?”

“அறுபது. மழைக்காலம்னா தொண்ணூறு.”

“அவங்ககிட்ட என்ன சொல்வீங்க?”

“மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, அசையாதீங்க, விடலாம். தூக்கத்துலகூடச் சொல்லுவேன்.”

“அவங்க பிடிக்கிறப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?”

“நானும் பிடிப்பேன்.”

“நீங்க எதுக்கு?”

“பின்னே? கண்ணாடிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு ஒரு கிழவரை மூச்சைப் பிடின்னு சொல்லிட்டு, நான் பாட்டுக்கு இழுத்து விட்டுக்கிட்டு இருந்தா, அவருக்கு எப்போ முடியாமப் போகுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கூடவே பிடிச்சாத்தான் தெரியும். எனக்கு முட்டுதுன்னா அவருக்கு எப்பவோ முட்டியிருக்கும். உடனே விடச் சொல்லிடுவேன்.”

வாத்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்தொன்பது வருடம், நாளொன்றுக்கு அறுபது பேர். ஒரே வீட்டில் ஏழு வருடம் சேர்ந்து சாப்பிட்டும் இது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நினைத்தாள். ஓர் ஊரே மூச்சு விடும் வரைக்கும் மூச்சு விடாமல் நின்றிருக்கிற பெண்ணிடம் போய், மூச்சைப் பிடிக்காதே என்று கத்தினால் எப்படி?

“காது கேட்காதவங்க வந்தா?”

“கையால சொல்லுவேன்.” அக்கா மார்பின் மேல் கையை மூடிக் காட்டினாள். “இது பிடி.” மூடிய கை மார்பிலிருந்து முன்னால் வந்து, ஐந்து விரலும் மெதுவாக விரிந்தது. “இது விடலாம்.”

“அந்த ரெண்டாவதுதான் அண்ணி எனக்கு வேணும். கீழ போனதும் நான்தான் உங்க நோயாளி. நான் இழுத்ததும், நீங்க ‘விடலாம்’னு கையைக் காட்டணும். நீங்க காட்டினாத்தான் விடுவேன். இல்லைன்னா பிடிச்சுக்கிட்டே இருப்பேன்.”

“பிடிச்சுக்கிட்டே இருந்தா நுரையீரல் என்ன ஆகும்?”

“அது உங்க பொறுப்பு.”

“இது நல்லா இருக்கே கதை! சொல்லித்தர்றது நீ, பொறுப்பு எனக்கா?” என்று சொல்லிக்கொண்டே அக்கா வாய்க்குழாயைக் கவ்வினாள்.

இருவரும் மண்டியிட்டார்கள். வாத்து இழுத்தாள். அக்காவும் கூடவே இழுத்தாள். அக்காவின் கை விரிந்தது, வாத்து விட்டாள், அக்காவின் வாயிலிருந்தும் குமிழிகள் குபுகுபுவென்று கிளம்பின. பத்து மூச்சு. இருபது. ஒரு சின்ன நண்டு அக்காவின் முழங்காலை உரசிக்கொண்டு போயிற்று. அவள் பார்த்தாள், கை மட்டும் தன் வேலையை விடவில்லை.

மேலே வந்ததும் மாஸ்டர் கேட்டார்: “இந்த முறை எந்தப் புத்தகத்துல இருக்கு?”

“எதுலயும் இல்லை மாஸ்டர். செய்யக் கூடாதுன்னும் எதுலயும் இல்லை.”

அவர் தாடையைச் சொறிந்தார். “சரி, கிளம்பலாம்.”

படகு அரை மணி நேரம் ஓடி நங்கூரம் போட்டது. தண்ணீருக்குள் ஒரு கயிறு செங்குத்தாக இறங்கிப் போய் நீலத்தில் மறைந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். படகின் ஏணியில் கடைசிப் படியில் நின்றுகொண்டு அக்கா கேட்டாள்:

“அடி தெரியலையேடி.”

“மேல இருந்து பார்த்தா தெரியாது. கீழ போனா நல்லாத் தெரியும்.”

“நான் இப்போ வேணாம்னு சொன்னா?”

வாத்து நீந்தி ஏணிக்குக் கிட்டே வந்தாள். பிறகு, “வேணாம்னா வேணாம் அண்ணி. திரும்பிடலாம். நிஜமாத்தான் சொல்றேன்,” என்றாள்.

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் பொய் இல்லை. பொய் இல்லாததால்தான் அக்கா படியிலிருந்து கையை எடுத்தாள்.

கயிற்றைப் பிடித்து ஒரு மீட்டர். காது அழுத்தியது, மூக்கைப் பிடித்து ஊதினாள், காது திறந்துகொண்டது. இன்னொரு மீட்டர். இதயம் காதுக்குள் வந்து அடித்துக்கொண்டது. எதிரில், கைக்கெட்டும் தூரத்தில், வாத்துவின் கண்கள் கண்ணாடிக்குள் பெரிதாகத் தெரிந்தன. வாத்து இழுத்தாள். விடலாம், என்றது அக்காவின் கை. மூன்றாவது மீட்டரில் கொஞ்சம் தண்ணீர் முகக்கண்ணாடிக்குள் கசிந்து மூக்கு நுனியைத் தொட்டது. அவ்வளவுதான், வாளி, குளியலறை, தாழ் எல்லாம் ஒன்றாகக் கண் முன் வந்தன. அக்காவின் இடது கை கயிற்றில் மேல்நோக்கி நகர்ந்தது. வாத்து அந்தக் கையைப் பிடிக்கவில்லை. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். இழுத்து வைத்திருக்கிறேன், நீங்கள் சொல்லவில்லையே.

ஐயோ, பிடித்துக்கொண்டிருக்கிறாளே! அக்காவின் வலது கை தானாக விரிந்தது. இருவர் குமிழிகளும் சேர்ந்து மேலே போயின. இடது கை இருந்த இடத்துக்குத் திரும்பி வந்தது.

கால் மணலைத் தொட்டபோது அக்கா நம்பவில்லை. குனிந்து பார்த்தாள். நிஜமாகவே தரை.

அதற்கப்புறம் அவள் பார்த்ததை எல்லாம் பல நாள் பலரிடம் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடிற்று. ஆனால் முதல் தடவை, அன்று மாலையே தம்பியிடம் சொன்னது இதுதான்: “அங்கே யாரும் எதுக்கும் அவசரப்படலைடா.” பாறை இடுக்கிலிருந்து விரல் நீள மீன்கள் வெளியே வந்து அவள் கண்ணாடியில் தங்களையே பார்த்துக்கொண்டன. மேலே படகின் அடிவயிறு ஒரு சின்ன இலை அளவு தெரிந்தது. வெயில் தண்ணீரில் நூல் நூலாக இறங்கி மணலில் நெளிந்தது. கடலுக்கு அடியில் வெளிச்சம் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதே இல்லை. கை எடையற்று மிதந்தது. முழங்கால் வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஐம்பத்தொரு வயது உடம்பை யாரோ வாங்கி வைத்துக்கொண்டு, சும்மா போய்ச் சுற்றிவிட்டு வா என்று அனுப்பிய மாதிரி இருந்தது.

பதினைந்தாவது நிமிடம் அது வந்தது.

முதலில் நிழல். மணலில் ஒரு கறுப்பு விரிப்பு நகர்ந்து வந்து அவர்கள் மேல் ஏறியது. அக்கா தலையை நிமிர்த்தினாள். ஒரு திருக்கை மீன். சாப்பாட்டு மேசையைவிட அகலம். இறக்கையை ஒரு தடவை அசைத்துவிட்டு, அப்படியே வழுக்கிக்கொண்டு, அவர்கள் தலைக்கு மேல் வந்தது. அதற்கு மேலே சூரியன். இறக்கையின் ஓரத்தில் வெயில் ஊடுருவி, உள்ளே விரல் விரலாக ஓடிய வரிகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. விளக்குப் பலகையில் செருகிய எக்ஸ்ரே படம்! வெள்ளை வயிறு, சின்ன வாய், இரண்டு பக்கமும் ஐந்தைந்து செவுள் கீற்றுகள். அந்தக் கீற்றுகள் திறந்தன, மூடின. திறந்தன, மூடின. இதுவும் மூச்சு விடுகிறது, என்று அக்கா நினைத்தாள். எத்தனை அழகாக விடுகிறது!

இருபத்தொன்பது வருடப் பழக்கம். படத்தைப் பார்த்ததும் கண் நோயாளியிடம் போயிற்று.

வாத்துவின் வாயிலிருந்து குமிழி வரவில்லை.

வாத்து திருக்கையைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் இமைக்காமல். ஆமையைப் பார்த்த கணக்கு டீச்சர் எப்படிப் பாய்ந்தாளோ அப்படி இவளும் இப்போது பாய்வாள், பாய்ந்தால் எங்கே பிடிப்பது என்று இரண்டு கையையும் நீட்டி வைத்துக்கொண்டு, தன் மூச்சை மறந்து நின்றாள். ஒத்திகையில் செய்த பாவனை இல்லை இது. தோள் உயர்ந்து, விலா விரிந்து, அப்படியே உறைந்திருந்தது. பாதம் மணலைவிட்டு எழும்பத் தொடங்கிவிட்டது.

அக்கா அவசரப்படவில்லை. ஒரு கையால் வாத்துவின் தோளைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள். மறு கையை மார்பிலிருந்து எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்தாள்.

விடலாம்.

வாத்து விட்டாள். அத்தனை குமிழியும் வெள்ளிக் காசு மாதிரி குலுங்கிக்கொண்டு மேலே ஓடின. திருக்கை அந்தக் குமிழிகளைச் சுற்றி ஒரு வளைவு வளைந்து நீலத்துக்குள் போய்விட்டது. இரண்டு பெண்களும் அது போன திசையையே பார்த்துக்கொண்டு, ஒன்றாக இழுத்து ஒன்றாக விட்டுக்கொண்டு நின்றார்கள்.

இருபது நிமிடமும் முடிந்து, படகில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா முதலில் செய்தது, நிறுத்தாமல் பேசியது.

“பார்த்தீங்களா மாஸ்டர்? என்ன சைஸ்! அதோட வயித்துல மூக்கு மாதிரி ரெண்டு, சிரிக்கிற மாதிரி ஒரு வாய்! இருபத்தொன்பது வருஷத்துல இப்படி ஒரு படம் நான் எடுத்ததில்லை. எங்க ஆளுங்க இருமிக் கெடுத்துடுவாங்க. அது எவ்வளவு ஒழுங்கா நின்னுச்சு!”

மாஸ்டர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வாத்துவைப் பார்த்தார். “நீ என்ன பேசாம இருக்கே?”

“மாஸ்டர், நான் கீழ மூச்சைப் பிடிச்சுட்டேன்.”

“எப்போ?”

“திருக்கை வந்தப்போ. எனக்கே தெரியலை. அண்ணிதான் விடச் சொன்னாங்க.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லை,” என்று அக்கா குறுக்கே விழுந்தாள். “நான் சும்மா கையை ஆட்டினேன். ஒரு மீன் மூஞ்சிக்கு நேரா வந்துச்சு, விரட்டினேன்.”

“அண்ணி, சும்மா இருங்க.”

“நீ சும்மா இரு. மாஸ்டர், இவ காலையிலிருந்து சாப்பிடலை. வெறும் வயித்துல என்னத்தையோ உளர்றா.”

“எவ்வளவு நேரம் பிடிச்சா?” என்று அவர் அக்காவைக் கேட்டார்.

“ஏழு வினாடி,” என்றது அக்காவின் வாய், அவளைக் கேட்காமலே. பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எண்ணுவதும் பழக்கம்தான்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. துண்டை மடித்து மடியில் வைத்தார். “நான் அந்த நேரத்துல உன்னைப் பார்க்கலை. இவங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். முதல் தடவை கடல்ல இறங்கினவங்க தன் மூச்சை நினைச்சே செத்துப் பிழைப்பாங்க. முப்பது வருஷத்துல நான் இறக்கின ஆளுங்கள்ல, பக்கத்துல இருக்கிறவங்களுக்கு மூச்சு வருதான்னு திரும்பிப் பார்த்தது இவங்க ஒருத்தர்தான். தலைக்கு மேல அவ்வளவு பெரிசா ஒண்ணு வந்து நிக்குது. இவங்க உனக்கு வைத்தியம் பார்க்கிறாங்க.”

“அது அவங்க தைரியம் மாஸ்டர்.”

“தைரியம் அவங்களோடதுதான். அதை ஏணியிலயே தொலைச்சுடாம கீழ வரைக்கும் கொண்டுபோனது யாரு?”

“என் தம்பி பொண்டாட்டி,” என்றாள் அக்கா. “எழுதிக்கோங்க.”

“எழுதிட்டேன்மா.” பலகையில் செருகியிருந்த தாளில் அவர் உண்மையிலேயே எழுதிக்கொண்டிருந்தார். “ஏழு வினாடியையும் எழுதியிருக்கேன். நாலு மாசத்துல அதைச் சரி பண்ணிக்கோ. படகு திரும்ப இறங்குற அன்னிக்கு ரெண்டு பேர் பதிஞ்சிருக்காங்க. நீ கூட்டிட்டுப் போ. நான் மேல படகுல இருக்கேன்.”

“படகுலயா? அப்போ பின்னாடி யாரு வருவாங்க?”

“யாரும் வர மாட்டாங்க.”

வாத்துக்குப் புரிய ஒரு அலை நேரம் ஆயிற்று. புரிந்ததும் அக்காவின் ஈர ரப்பர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அக்கா அவள் முதுகைத் தட்டினாள்.

“அழுறியா சிரிக்கிறியா? ஒண்ணு பண்ணு. இந்த உடுப்பைக் கழட்டி விட்டுட்டு அப்புறம் அழு, நெஞ்சை அமுக்குது.” பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினாள். “ரெண்டு பேர்னு சொன்னீங்களே, மூணாவது ஆளுக்கு இடம் இருக்கா?”

“இருக்கு. யாருக்கு?”

“அது என்ன கிழமை வருது?”

“செவ்வாய்.”

“செவ்வாய் எனக்கு டியூட்டி.” அக்கா ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பையில் கைப்பேசியைத் தேடினாள். “இருங்க, எங்க சூப்பிரண்டுகிட்ட இப்பவே லீவு சொல்லி வைக்கிறேன்.”